அம்மாவுக்குச் சம்பளம்

1

இந்த ஊரில் ஒரு கப் காபியின் விலை என் அம்மாவின் ஒரு நாள் சம்பளத்தைவிட அதிகம்.

ஜெர்மனிக்கு வந்து அடுத்த வாரத்தோடு நான்கு வருடம் முடிகிறது. வந்த புதிதில், எனக்கு முன்பே இங்கே வந்துவிட்ட ஒரு மலையாளி அக்கா தைரியம் சொன்னார். எல்லா விலையையும் ரூபாயில் மாற்றிப் பார்க்கிற வியாதி மூன்று மாதத்தில் தானாகப் போய்விடுமாம். எனக்குப் போகவில்லை. நான் மாற்றிப் பார்ப்பது ரூபாயில் அல்ல, அறைகளில். அம்மா ஒரு நாளைக்கு எட்டு அறை பெருக்கித் துடைப்பாள். ஒரு காபி என்றால் எட்டு அறைக்கு மேல். நான் வாங்கிய குளிர்காலக் கோட்டு இருநூற்று நாற்பது அறைகள். அதைப் போட்டுக்கொண்டு பனியில் நடக்கும்போது கனமாகத்தான் இருக்கிறது.

நான் நர்ஸ். கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே நான்கு கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஊர். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர், வேர்க்கடலை போடுவார். அம்மா பெயர் மல்லிகா. தினமும் காலையில் பஸ் பிடித்துத் திருவண்ணாமலைக்குப் போய், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பின்னால் இருக்கும் விடுதிகளில் அறை சுத்தம் செய்துவிட்டு வருவாள். நான் ஆறாவது படிக்கும்போது தொடங்கியது. என் பள்ளிச் செலவு, நர்சிங் காலேஜுக்குப் போய்வந்த பஸ் காசு, சென்னையில் ஜெர்மன் மொழி வகுப்புக்குக் கட்டிய முதல் தவணை எல்லாம் அந்தத் துடைப்பத்தில் வந்தவை.

எங்கள் வீட்டில் கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். இதை எங்கே போனாலும் சொல்வேன். ஊசி போட வந்த இடத்தில் நோயாளிகளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று யாராவது திருப்பிக் கேட்டால், அப்பா விவசாயி, அம்மா வீட்டில் இருக்கிறார் என்பேன். பெருக்குகிறாள் என்று சொல்ல வாய் வராது.

2

பெருக்குவதை நிறுத்த வேண்டும். நான்கு வருடமாக எனக்கு இருந்த ஒரே திட்டம் அதுதான்.

சம்பளம் நல்ல சம்பளம்தான். வாடகை, சாப்பாடு, படிப்புக் கடன், மொழி வகுப்புக் கடன், ஊரில் போர்வெல்லை ஆழப்படுத்திய கடன் எல்லாம் போனால் மாதக் கடைசியில் கையில் நிற்பது கொஞ்சம். அம்மாவின் சம்பளம் மாதம் ஒன்பதாயிரம். அந்த ஒன்பதாயிரத்தை மட்டும் நான் தனியாக எங்கிருந்தாவது கொண்டுவந்துவிட்டால் அவள் வீட்டில் இருக்கலாம். அவ்வளவு எளிது என்று நினைத்தேன்.

வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று போனில் வருகிற எல்லாவற்றையும் பார்த்தேன். கருத்துக்கணிப்புக்குப் பதில் சொன்னால் காசு தருகிறோம் என்ற ஒரு தளத்தில் மூன்று சனி ஞாயிறு உட்கார்ந்தேன். எந்த ஷாம்பு போடுகிறீர்கள், நாய்க்கு என்ன உணவு தருகிறீர்கள். இல்லாத நாய்க்கு உணவெல்லாம் கொடுத்து நான்கு யூரோ சேர்த்தேன். பத்து சேர்ந்தால்தான் எடுக்க முடியும் என்றார்கள். அதற்குப் பிறகு பழைய துணி விற்றுப் பார்த்தேன். என்னிடம் பழைய துணியே அவ்வளவு இல்லை.

அப்புறம்தான் யோசித்தேன். ஆசிரமத் தெருவில் இத்தனை வெளிநாட்டுக்காரர்கள் வருஷா வருஷம் வந்து தங்குகிறார்கள். கையை ஆட்டி ஆட்டி ஆட்டோக்காரரிடம் பேசுகிறார்கள். அவர்கள் ஊருக்கே நான் வந்திருக்கிறேன். மொழி சொல்லித்தரும் ஒரு தளத்தில் என் படத்தைப் போட்டு ஜெர்மனில் எழுதினேன்: திருவண்ணாமலைக்குப் போகிறீர்களா? கடைக்காரரிடம் பேசும் அளவுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். ஒரே வாரத்தில் இரண்டு பேர் கேட்டார்கள்.

ஆனால் என் விசாவோடு வந்த தாளில் ஒரு வரி இருந்தது: சொந்தத் தொழில் செய்ய அனுமதி இல்லை. ஆகவே வாரத்துக்கு மூன்று மணி நேரம் தமிழ் சொல்லித்தர மூன்று இடத்தில் சம்மதம் வாங்க வேண்டும். ஆஸ்பத்திரி, வெளிநாட்டவர் அலுவலகம், வரி அலுவலகம். நடுவில் இருப்பதுதான் கடினம்.

"என்ன மொழி?" என்று கேட்டார் அதிகாரி.

"தமிழ்."

"அதை இங்கே யார் படிக்கிறார்கள்?"

"திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள்."

ஊர் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். பாதியில் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்தக் கூடுதல் வருமானம் எதற்கு?"

என் ஜெர்மன், ஆஸ்பத்திரி ஜெர்மன். எங்கே வலிக்கிறது, கையை நீட்டுங்கள், இன்றைக்கு வயிறு போனதா. அதைத் தாண்டினால் வாக்கியம் ஆட்டம் காணும். மனதில் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். "என் அம்மாவுக்குச் சம்பளம் கொடுக்க."

அவர் மேசையைத் திறந்து வேறொரு படிவத்தை எடுத்தார். "அப்படியானால் நீங்கள் முதலாளி. அம்மா உங்களிடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்?"

இல்லை, அம்மா வேலை செய்யாமல் இருப்பதற்குத்தான் சம்பளம் என்று விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்கு அவரிடம் படிவம் இல்லை.

அனுமதி வர நான்கரை மாதம் ஆயிற்று.

3

முதல் மாதப் பணம் சேர்ந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இந்த மாசத்துல இருந்து உனக்குன்னு தனியா பத்தாயிரம் வரும். எனக்குச் சம்பளம் ஏத்திட்டாங்க. நீ வேலைய வுட்டுடு."

"ஏண்டி, நல்லாத்தானே போய்க்கினு இருக்குது."

"முட்டி வலிக்குதுன்னு நீதானே சொன்ன?"

"சும்மா குந்திக்கினு இருந்தாலும்தான் வலிக்கும்."

"வுடறியா இல்லியா?"

"சரி, வுட்டுடறேன் போ. உங்கிட்ட யாரு மல்லுக்கட்டறது."

அடுத்த வாரமே விட்டுவிட்டதாகச் சொன்னாள். மேனேஜர் புடவை எடுத்துக் கொடுத்து அனுப்பினார் என்றாள். மாம்பழக் கலர், பச்சை பார்டர் என்று விவரம்கூடச் சொன்னாள்.

சம்பளம் ஏறியது என்று நான் சொன்னதும் பொய்தான். டியூஷன் எடுக்கிறேன் என்று சொன்னால், அங்கே போயும் காசுக்கு அலைகிறாளா என்று நினைப்பாள். ஊரில் என்னைப் பற்றி அவள் சொல்லிவைத்திருக்கும் கதையில் நான் பெரிய ஆஸ்பத்திரியில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அதை எதற்குக் கெடுப்பது?

மாதா மாதம் பணம் அனுப்பும் செயலியில் ஒரு கேள்வி வரும்: பணம் அனுப்பும் காரணம். கீழே ஒரு பட்டியல். நான் "குடும்பப் பராமரிப்பு" என்பதைத் தேர்ந்தெடுப்பேன். மனதுக்குள் அதை "அம்மா சம்பளம்" என்றுதான் படித்துக்கொள்வேன். யூரோவின் மதிப்பு ஒரு ரூபாய் ஏறட்டும் என்று மூன்று நாள் காத்திருப்பேன், வார்டில் கழிவறைக்குப் போகும்போதெல்லாம் போனைத் திறந்து பார்ப்பேன், கடைசியில் இறங்கியபின் அனுப்புவேன். இப்படிப் பதினான்கு மாதம்.

அந்தப் பதினான்கு மாதமும் வெளியில் காபி குடிக்கவில்லை. ஃப்ளாஸ்கில் எடுத்துப் போனேன். கடை மூடப்போகும் நேரத்தில் விலை குறைத்து வைக்கிற ரொட்டியை வாங்கினேன். கூட வேலை செய்கிறவர்கள் வெள்ளிக்கிழமை பீட்ஸா சாப்பிடக் கூப்பிட்டால் எனக்குப் பாடம் இருக்கிறது என்பேன். பொய்யில்லை, இருந்தது.

வெளிநாட்டிலிருந்து இப்படிக் குறிப்பு எழுதுகிறவர்கள் பிள்ளைகள் தமிழை மறப்பது பற்றி ஒரு பக்கமாவது எழுதுவார்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. பக்கத்து ஊர்த் தமிழ்க் குடும்பம் ஒன்று தங்கள் பெண்ணுக்குச் சொல்லித்தரக் கேட்டது. அந்தப் பெண் இரண்டாவது பாடத்திலேயே கேமராவை அணைத்துவிட்டு எங்கோ எழுந்து போய்விட்டாள். அதே வாரம் அறுபத்தாறு வயது உர்சுலா, 'ழ' சொல்லிச் சொல்லிக் கன்னம் வலிக்கிறது என்றார்.

உர்சுலா என் பதினோரு மாணவர்களில் மூத்தவர். முப்பத்தொரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். குளிர்காலம் முழுக்கத் திருவண்ணாமலையில் தங்குவார். இந்த முறை யாரிடமும் இங்கிலீஷ் பேசுவதில்லை என்று சபதம் போட்டுக்கொண்டு போனார். அங்கே போயும் பாடத்தை விடவில்லை. செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. இங்கே காலை ஏழு, அங்கே பதினொன்றரை. விடுதி வராந்தாவில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவார். எந்த விடுதி என்று நான் கேட்கவில்லை. அந்தப் பக்கம் தெருவுக்குப் பத்து இருக்கிறது.

அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரமே அவர் தமிழ் வேகம் எடுத்தது. "இன்னா டீச்சர், லேட்டு?" என்று கேட்டார். நான் சொல்லித்தராத சொற்கள்.

"யார் சொல்லிக்கொடுத்தார்கள்?"

"இங்கே ரூம் சுத்தம் செய்யும் அம்மா. தினமும் காலையில் என்னோடு பேசுவார்கள். என் தோழி."

எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. "இன்னா வேண்டாம். என்ன என்று சொல்லுங்கள்" என்று திருத்தினேன்.

4

அந்தச் செவ்வாய்க்கிழமை பாடம், கடையில் பேரம் பேசுவது.

"முந்நூறு ஜாஸ்தி," என்றார் உர்சுலா. "கம்மி பண்ணுங்க."

"நல்லது. பண்ண முடியாது என்று கடைக்காரர் சொல்கிறார். இப்போது?"

"நான் போறேன்."

"போவதுபோல் நடிக்க வேண்டும். நிஜமாகப் போய்விடக் கூடாது."

அவர் சிரித்தார். அவருக்குப் பின்னால் கதவு திறந்தது. வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"மல்லிகாம்மா! வாங்க, வாங்க! என் டீச்சர் பாருங்க!"

பெயரைக் கேட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் பக்கம் மல்லிகா இல்லாத தெரு இல்லை. உர்சுலா டேப்லெட்டைத் திருப்பினார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஒரு உருவம் குனிந்தது. முதலில் நெற்றி தெரிந்தது. நெற்றி மட்டும்தான் தெரிந்தது. வீடியோவில் பேசும்போது இப்படிப் போனுக்குள் தலையை விடுகிற பழக்கம் எனக்குத் தெரிந்து ஒருத்திக்குத்தான் உண்டு. அப்புறம் அவள் நிமிர்ந்து பின்னால் நகர்ந்தாள்.

மாம்பழக் கலர். பச்சை பார்டர். தலையில் துண்டு.

நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டோம்.

"வணக்கம் டீச்சரம்மா," என்றாள் அம்மா.

"வணக்கம்," என்றேன். "நல்லா இருக்கீங்களா?"

என் அம்மாவிடம் நான் பிறந்ததிலிருந்து "ங்க" போட்டுப் பேசியதில்லை.

"நல்லா இருக்கறேங்க. இந்தம்மா நல்லாப் பேசறாங்க. நல்லாச் சொல்லிக் குடுத்துக்கினு இருக்கறீங்க."

"சாப்டீங்களா?"

"இன்னும் ரெண்டு ரூம் இருக்குதுங்க. முடிச்சிட்டுத்தான்."

உர்சுலா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். தன் இரண்டு ஆசிரியர்களும் பேசிக்கொள்வது முழுக்கப் புரிந்த சந்தோஷம். அம்மா வாளியைத் தூக்கினாள். போகும்போது உர்சுலாவிடம் சொன்னாள், "உங்க டீச்சரு இளைச்சுப் போயிருக்கறாங்க. வேளைக்குச் சாப்புடச் சொல்லுங்க."

கதவு சாத்திக்கொண்டது.

"இளைச்சு என்றால் என்ன?" என்று கேட்டார் உர்சுலா.

"உடம்பு மெலிவது," என்றேன். "அது வினைச்சொல். எழுதிக்கொள்ளுங்கள்."

இன்னும் இருபது நிமிடம் பாக்கி இருந்தது. காசு வாங்கியிருந்தேன். தக்காளிக்கும் வாழைப்பழத்துக்கும் பேரம் பேசி முடித்தோம்.

5

அன்று அம்மாவே கூப்பிட்டாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து. பின்னால் கண்டக்டர்கள் ஊர் பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"டியூஷன் எடுக்கறியா நீ?"

"நீ ரூம் பெருக்கறியா?"

"சம்பளம் ஏத்திட்டாங்கன்னு சொன்ன."

"வேலைய வுட்டுட்டேன்னு சொன்ன."

"அந்த லாட்ஜ வுட்டுட்டேன் இல்ல? அது பொய்யா? இது வேற எடம்."

"புடவை குடுத்தாருன்னு சொன்ன."

"அது நெசம். இன்னைக்கு அதானே கட்டிக்கினு இருந்தேன். பாக்கல நீ?"

பார்த்தேன். அதுதான் பிரச்சினை.

"ஏம்மா தெரியாத மாதிரி பேசின?"

"எம் பொண்ணு ஜெர்மனியில பெரிய நர்சுன்னு அந்தம்மாகிட்ட தெனம் சொல்லிக்கினு இருக்கறேன். உங்களுக்கு டியூஷன் சொல்லித் தர்றவதான் எம் பொண்ணுன்னு சொன்னா எனக்கு இன்னா மரியாதை? சரி, நீ ஏன் பேசல?"

நான் பேச்சை மாற்றினேன். அவளும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

"அனுப்பின பணத்த இன்னா பண்ண?" என்றேன். கோபம் வந்தால் எனக்கும் அந்தப் பேச்சுதான் வரும்.

"இருக்குது. உம் பேர்ல நகைச்சீட்டு போட்டுக்கினு வர்றேன். மிச்சம் போஸ்ட் ஆபீஸ்ல. ஒரு ரூபா தொடல."

"அது நீ சாப்புடறதுக்கு அனுப்பினது!"

"பொம்பளப் புள்ள துட்டுல குந்திக்கினு சாப்புடலாமா? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க? நாளைக்கு நீ போற வீட்டுக்குச் சேர வேண்டியது."

"நான் பையனா இருந்தா வாங்கிக்குவ இல்ல?"

"பையனா இருந்தா அனுப்பியே இருக்க மாட்டான். போடி." பஸ் வந்துவிட்டது. வைத்துவிட்டாள்.

அப்பாவைக் கூப்பிட்டேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "சொல்லாதன்னா. உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் இன்னாத்துக்கு வரணும்? போர்வெல்லுக்கு உங்காசு வாங்கினதுக்கே எங்கிட்ட ஒரு மாசம் பேசல அவ."

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கை நனைக்காத பெற்றோர்கள் இன்னும் இருக்கிறார்கள். போனால் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. ஆகாத கல்யாணத்துக்கு, இல்லாத மாமியார் வீட்டுக்கு மரியாதை கொடுத்து என் அம்மா பதினான்கு மாதம் அறை பெருக்கியிருக்கிறாள். நான் குடிக்காத காபியெல்லாம் எனக்கே நகையாகத் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறது.

அந்த வாரம் முழுக்க என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வார்டில் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு தப்பான அறைக்குப் போனேன். வீட்டில் இருக்கிற ஒரே அறையை இரண்டு முறை பெருக்கினேன். ஒரு பெண்ணைப் படிக்கவைப்பார்கள், கடல் தாண்டி அனுப்புவார்கள், ஆனால் அவள் சம்பாதித்ததில் ஒரு வாய் சாப்பிட மாட்டார்கள் என்றால் நான் படித்தது யாருக்கு? இதைப் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

6

அடுத்த செவ்வாய் உர்சுலா புத்தகத்தைத் திறக்கவில்லை.

"அந்த அம்மா உங்கள் அம்மா," என்றார் ஜெர்மனில். கேள்வியாகக் கேட்கவில்லை.

"எப்படித் தெரியும்?"

"முப்பத்தொரு வருடம் டிக்கெட் கேட்டவள் நான். ஒன்றாக வந்தவர்கள் தனித்தனியாக உட்கார்ந்தால் எனக்குத் தெரியும்."

ஜெர்மன்காரர்கள் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்பார்கள், அல்லது வானிலைக்குப் போய்விடுவார்கள். உர்சுலா நேராகக் காசுக்கு வந்தார். மல்லிகாம்மா தினமும் அரை மணி நேரம் தன்னோடு பேசுகிறார். பாடத்தில் படிப்பது அங்கேதான் வாயில் ஏறுகிறது. அதற்குப் பணம் கொடுத்தால், பேசறதுக்குக் காசா என்று கையைத் தட்டிவிடுகிறார். "உங்களுக்குக் கொடுக்கிறேன், அவருக்குக் கொடுக்காமல் இருக்கிறேன். ஆனால் அவர் உங்களைவிட அதிக நேரம் வேலை செய்கிறார். இது சரியில்லை."

சுருக்கென்றது. அதோடு வேறொன்றும் தோன்றியது. என் மற்ற மாணவர்களும் பாடம் முடிந்தபின் பேசிப் பார்க்க ஆள் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அம்மாவைக் கூப்பிட்டேன்.

"உனக்கு ஒரு வேலை இருக்குது. உர்சுலாம்மாகிட்ட பேசற மாதிரி எங்கிட்ட படிக்கறவங்ககிட்டயும் பேசணும். போன்ல. அரை மணிக்கு இருநூறு ரூபா."

"இது நீ சும்மா குடுக்கற துட்டா, கூலியா?"

"கூலி."

"நான் பேசலன்னா?"

"குடுக்க மாட்டேன்."

"லேட்டா வந்தா?"

"புடிச்சிக்குவேன்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. "இன்னா பேசறது அவங்ககிட்ட?"

"இன்னைக்கு இன்னா கொழம்பு, பஸ் ஏன் லேட்டு, யாரு யாரோட சண்ட. நீ பேசற மாதிரி பேசு."

"இதுக்கு இருநூறா?" என்றாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். "கம்மிடி. வெளிநாட்டுக்காரங்கன்னா ரேட்டு வேற. ஆட்டோக்காரன் கேக்கறான் இல்ல?"

இருநூற்றைம்பதில் முடிந்தது. பேரம் பற்றி ஒரு வாரம் முன்பு பாடம் நடத்தியவள் நான்.

"அப்ப பெருக்கறத வுட்டுடுவ."

"அது எப்படி? ரூமுக்குப் போனாத்தானே பேச ஆளு கெடைக்கும்?"

மூன்று நாள் கழித்து, மாடி அறைகளை விட்டுவிட்டேன், கீழே இருக்கிற நாலு மட்டும்தான் என்றாள். இந்த முறை உர்சுலாவிடம் விசாரித்துக்கொண்டேன். மாடிக்கு வேறு ஆள் வருகிறாராம். நிஜம்தான்.

7

எட்டு நாள் பேசினாள். இரண்டாயிரம் ரூபாய். அனுப்பப் போகும்போது ஒரு நிபந்தனை போட்டாள். "முன்ன அனுப்பற மாதிரி அனுப்பாத. அது வேற துட்டு. இதக் கூலின்னு போட்டு அனுப்பு. பேங்க்ல கேட்டா கூலின்னு இருக்கணும்."

செயலியைத் திறந்தேன். பணம் அனுப்பும் காரணம். இதுவரை தொடாத ஒரு வரி கீழே இருந்தது, "சேவைக்கான கட்டணம்". அதைத் தொட்டதும் அடுத்த கேள்வி வந்தது: பில்லை இணைக்கவும்.

அம்மா உங்களிடம் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார் என்று கேட்ட அதிகாரி நினைவுக்கு வந்தார்.

"பில்லு வேணுமாம்," என்றேன்.

"அவ்ளோதானே? நாளைக்கு அனுப்பறேன்," என்றாள் அம்மா, தினமும் பில் போடுகிறவள்போல.

மறுநாள் போட்டோ வந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். வரைந்ததுபோல் பெரிய பெரிய எழுத்துகள்.

மல்லிகா. பேச்சு வேலை. எட்டு நாள். இரண்டாயிரம் ரூபாய்.

கீழே அம்மாவின் கையெழுத்து. அதைப் போட அவளுக்கு ஒரு நிமிடம் ஆகும்.

மேலே இருந்த எழுத்து உர்சுலாவுடையது. 'ண்' போடும்போது சுழிகளை எண்ணிக்கொள்ளுங்கள், மூன்று வர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் நான். எண்ணிப் பார்த்தேன், மூன்று இருந்தது.

பதினோரு வெளிநாட்டுக்காரர்களுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் அம்மாவின் பில்லை அவர்களில் ஒருவர் எழுதித்தர வேண்டியிருக்கிறது. ஏழாவது படிக்கும்போது ஒருமுறை அம்மாவை உட்காரவைத்து 'அ' போட்டுக் காட்டினேன். எட்டு அறை முடித்து வந்தவள், சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிட்டாள். அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை. எனக்குப் படிக்க நிறைய இருந்தது.

போட்டோவைப் பிரிண்ட் எடுத்தேன். பிறகு அதன் கீழேயே ஜெர்மனில் மொழிபெயர்த்து எழுதி இணைத்தேன். பெறுபவர் உங்களுக்கு யார் என்று கேட்டது. அதற்கு மட்டும் யோசிக்கவில்லை. தாய் என்று போட்டேன். ஏற்றுக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து, வேலைக்குப் போகும் வழியில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அம்மா கூப்பிட்டாள்.

"துட்டு வந்துச்சி. உர்சுலாம்மா மெசேஜப் படிச்சுச் சொன்னாங்க. பஸ் ஸ்டாண்டு வந்தவுடனே ஒரு டீ குடிச்சேன். ரெண்டு மெதுவடை. அந்தம்மாவுக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வெச்சிருக்கறேன், நாளைக்குக் குடுக்கணும். பில்லு எழுதினாங்க இல்ல?"

"என் காசுலயா குடிச்ச?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்காசா? எட்டு நாளு தொண்டத் தண்ணி வத்தப் பேசியிருக்கறேன். என் துட்டுடி அது."

எதிரே காபிக் கடை இருந்தது. நான்கு வருடமாகத் தாண்டிப் போகிற கடை. வரிசையில் நின்றேன். நிற்கும்போதே மனம் மாற்றிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. எட்டு அறை என்று வரவில்லை. அம்மாவின் முக்கால் மணி நேரப் பேச்சு என்று வந்தது. இந்த வியாதி போகாது போலிருக்கிறது.

"அப்பறம், அடுத்த மாசத்துல இருந்து முந்நூறு," என்றாள் அம்மா.

நான் காபிக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன். பதில் வரவில்லை என்றதும் அவள் குரல் இறங்கியது.

"இன்னாடி, பேச மாட்டேன்ற? பேசு. இதுக்குக் கூலி கேக்க மாட்டேன்."